புது பைக் டெஸ்ட் ரைடு: பத்து நிமிடத்தில் எது தெரியும், எது தெரியாது? பழைய வண்டியோடு ஒப்பிடுவது எப்படி?

பைக் மாற்றலாமா என்ற யோசனை உங்களுக்கு ஓடிக்கொண்டிருந்தால், அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஜிஎஸ்டி குறைந்திருக்கிறது. பெட்ரோல் பங்கில் இ20 வந்துவிட்டது, பழைய வண்டி தாங்குமா என்ற பயம் இருக்கிறது. ஆபீஸ் நண்பர் புது வண்டி எடுத்துவிட்டார். போதாக்குறைக்கு, ஷோரூமிலிருந்து "சும்மா ஒரு டெஸ்ட் ரைடு வந்து பாருங்க சார்" என்று போன் மேல் போன்.

போய் ஓட்டிப் பார்த்தால் புது வண்டி பிடித்துப்போகும். அது கிட்டத்தட்ட நிச்சயம். திரும்பி வந்து உங்கள் வண்டியில் ஏறினால், அது திடீரென்று கிழடாகத் தெரியும். ஆனால், அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் உணர்ந்த வித்தியாசத்தில் எவ்வளவு புது மாடலால் வந்தது, எவ்வளவு உங்கள் வண்டியைச் சரியாகப் பராமரிக்காததால் வந்தது? ஒன்றரை லட்சம் ரூபாய் முடிவு இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்ப்போம்.

ஜிஎஸ்டி குறைப்பு: உண்மையில் எவ்வளவு மிச்சம்?

2024-25 நிதியாண்டில் இந்தியாவில் சுமார் 1.96 கோடி இருசக்கர வாகனங்கள் விற்பனையாகின. முந்தைய ஆண்டில் இது சுமார் 1.79 கோடி. இந்தச் சந்தைக்குத்தான் 2025 செப்டம்பர் 22 முதல் வரி மாறியது. 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 350 சிசிக்கு மேல் இருந்த 28 சதவீத வரியும் 3 சதவீத செஸ்ஸும் சேர்ந்த 31 சதவீதம், ஒரேயடியாக 40 சதவீதமானது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. வரி 10 புள்ளி குறைந்ததால் விலையும் 10% குறைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முன்பு ஒரு லட்சம் ரூபாய் எக்ஸ்-ஷோரூம் விலையில் இருந்த வண்டியின் அடிப்படை விலை 78,125 ரூபாய். அதன் மேல் 18% போட்டால் 92,187 ரூபாய். அதாவது மிச்சம் சுமார் 7,800 ரூபாய், 7.8%. இரண்டு லட்சம் ரூபாய் வண்டிக்கு மிச்சம் சுமார் 15,600 ரூபாய்.

350 சிசிக்கு மேல் போனால் கணக்கு தலைகீழ். இரண்டரை லட்சமாக இருந்த வண்டி, நிறுவனம் எதையும் தன் கையிலிருந்து ஏற்காவிட்டால், சுமார் 2.67 லட்சமாகும். 349 சிசி வண்டியும் 398 சிசி வண்டியும் சாலையில் அண்ணன் தம்பி மாதிரிதான். வரிப் பட்டியலில் மட்டும் இரண்டுக்கும் நடுவே 22 புள்ளி இடைவெளி.

எக்ஸ்-ஷோரூம் விலையோடு முடிவதும் இல்லை. சாலை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு 10%, அதற்கு மேல் 12%. கர்நாடகத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் என்றால் 18%, செஸ் தனி. ஓசூரில் வீடு, பெங்களூருவில் வேலை என்று இருப்பவர்களுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. 1.5 லட்சம் ரூபாய் வண்டிக்கு ஒரு பக்கம் 18,000, மறு பக்கம் 27,000. வண்டி நிரந்தரமாக எங்கே ஓடப்போகிறதோ, அந்த மாநிலத்தின் ஆன்-ரோடு விலையை மட்டும் பாருங்கள்.

இன்சூரன்ஸும் அப்படித்தான். 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டு தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸைச் சேர்த்தே எடுக்க வேண்டும். 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரை 3,851 ரூபாய், 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117 ரூபாய். இதில் ஜிஎஸ்டியும், உங்கள் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியமும் சேராது.

டெஸ்ட் ரைடில் எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

டெஸ்ட் ரைடு வண்டிக்கு டயர் புதுசு, செயின் புதுசு, ஷாக் அப்சார்பர் புதுசு. கிளட்ச் கேபிளில் துரு ஏறவில்லை. உங்கள் வண்டி 40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கடைசியாக சர்வீஸ் விட்டது எப்போது என்று யோசித்தால்தான் ஞாபகம் வரும். இந்த இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிவிட்டு "புது மாடல் சூப்பர்" என்று சொல்வது நியாயமான ஒப்பீடு இல்லை.

வண்டி தேய்வது ஒரே நாளில் நடப்பதில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், உங்கள் கையும் காலும் அதற்குப் பழகிக்கொண்டே வரும். அதனால்தான் தேய்மானம் உங்களுக்குத் தெரிவதில்லை. புது வண்டியில் உட்கார்ந்ததும் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் தெரிகிறது. டெஸ்ட் ரைடில் பெரும்பாலும் எதை என்னவாக நினைத்துக்கொள்கிறோம் என்று பாருங்கள்:

- "ஹேண்ட்லிங் வேற லெவல்": உங்கள் வண்டியின் பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கலாம். வட்டமான டயர் வளைவில் இயல்பாகச் சாயும். தட்டையான டயர் ஓரத்தில் தட்டி நிற்கும். கோன் செட் போயிருந்தாலும் ஹேண்டில் பார் நடுவில் பிடித்துக்கொள்வது போல இருக்கும்.
- "பிக்கப் செம": செயின் லூஸாக இருந்தால் ஆக்சிலரேட்டர் திருகியதும் ஒரு இடி, அதன் பிறகுதான் வண்டி நகரும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தாலும் இழுவை குறையும்.
- "சீட் சுகமா இருக்கு": ஃபோர்க் ஆயில் மாற்றி எத்தனை வருடம் ஆகிறது? பல வண்டிகளில் அது ஒருமுறைகூட மாற்றப்பட்டிருக்காது. சீட் ஸ்பாஞ்சும் அமுங்கிப் போயிருக்கும்.
- "பிரேக் நல்லா பிடிக்குது": பிரேக் பேட் தேய்ந்து, பிரேக் ஆயில் கறுத்துப் போயிருந்தால் எந்த வண்டியும் நன்றாகப் பிடிக்காது.

ஆகவே, டெஸ்ட் ரைடுக்கு முந்தைய வாரம் உங்கள் வண்டியை ஒழுங்காக சர்வீஸ் விடுங்கள். ஆயில் மாற்றுவதோடு நிறுத்தாமல் செயின், கோன் செட், ஃபோர்க் ஆயில், பிரேக் பேட் எல்லாவற்றையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். டயர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். சாதாரண கம்யூட்டர் பைக் என்றால் இது எல்லாம் சேர்ந்தும் சில மாத இஎம்ஐக்குள் முடிந்துவிடும். வண்டியை விற்பதாக இருந்தாலும் நஷ்டம் இல்லை, நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு எக்ஸ்சேஞ்சில் பேரம் பேச முடியும். அதன் பிறகும் புது வண்டி பெரிய வித்தியாசமாகத் தெரிந்தால், அதுதான் உண்மையான வித்தியாசம்.

ஸ்பெக் ஷீட் சொல்லாத கதை: இரண்டு கிளாசிக் 350

"டெஸ்ட் ரைடே வேண்டாம், ஸ்பெக் ஷீட்டை ஒப்பிட்டாலே போதுமே" என்று நினைப்பவர்களுக்கு, சென்னைப் புறநகர் ஆலைகளில் தயாராகும் ஒரு வண்டியே பதில். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் முந்தைய தலைமுறையையும், 2021 செப்டம்பரில் வந்த ஜே-சீரிஸ் இன்ஜின் தலைமுறையையும் எடுத்துக்கொள்வோம்.

- இன்ஜின்: பழையது 346 சிசி, புதியது 349 சிசி
- பவர்: பழையது (பிஎஸ்-4) 19.8 பிஎச்பி, புதியது 20.2 பிஎச்பி
- டார்க்: பழையது 28 நியூட்டன் மீட்டர், புதியது 27 நியூட்டன் மீட்டர்
- கியர்: இரண்டிலும் 5
- எடை: இரண்டுமே கிட்டத்தட்ட 195 கிலோ

இந்தப் பட்டியலை மட்டும் பார்த்தால் பணத்தைச் செலவழிக்க ஒரு காரணமும் இல்லை. டார்க் ஒரு புள்ளி குறைந்தே இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஓட்டியவர்கள் ஒரே வண்டி என்று சொல்லமாட்டார்கள்.

காரணம், விளம்பரத்தில் பெரிதாக வராத மாற்றங்கள். ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் ஒரு பெரிய பிஸ்டன் மேலும் கீழும் அடிப்பதால்தான் கை, கால், கண்ணாடி எல்லாம் அதிரும். ஜே-சீரிஸில் அதற்கு எதிராகச் சுழலும் ஒரு பேலன்சர் ஷாஃப்ட் இருக்கிறது. பிஸ்டனின் உதறலில் பெரும்பகுதியை அது சமன் செய்துவிடுகிறது. வால்வுகளை இயக்கும் புஷ்ராடு முறை போய், தலையில் கேம் ஷாஃப்ட் வந்துவிட்டது. ஃப்ரேமில் ஒற்றைக் குழாய்க்குப் பதில் இரட்டைக் குழாய். முன் ஃபோர்க்கின் தடிமன் 35 மி.மீ.-இலிருந்து 41 மி.மீ. ஆனது, முன் டிஸ்க் 280 மி.மீ.-இலிருந்து 300 மி.மீ. ஆனது. விளைவு, 80 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் போனால் புதியதில் கை மரத்துப்போகாது, வளைவில் வண்டி தள்ளாடாது.

அந்த அதிர்வும் பழைய 'தட் தட்' சத்தமும்தான் எனக்குப் பிடிக்கும் என்பவர்களும் உண்டு. அதுவும் நியாயம்தான். கிக்கர் இல்லாததும் சிலருக்குக் குறை. இது ரசனை. ஸ்பெக் ஷீட்டில் இருக்காது, ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஸ்பெக் ஷீட்டில் பெரிதாகத் தெரியும் வித்தியாசம் சாலையில் காணாமலே போகலாம். பல 150, 160 சிசி வண்டிகளின் உச்சபட்ச பவர் 8,000 ஆர்பிஎம் தாண்டித்தான் வரும். காலை ஒன்பது மணிக்கு ஓஎம்ஆரிலோ சில்க் போர்டு ஜங்ஷனிலோ நீங்கள் அந்த எண்ணைத் தொடப்போவதே இல்லை. டிராஃபிக்கில் உங்களுக்கு வேண்டியது 3,000, 4,000 ஆர்பிஎம்மில் கிடைக்கும் இழுவை. கூடுதலாக வந்த இரண்டு பிஎச்பி அங்கே வேலைக்கு ஆகாது.

பிஎஸ்-4 டு பிஎஸ்-6: என்ன மாறியது?

உங்கள் வண்டி 2020 ஏப்ரலுக்கு முன் வாங்கியது என்றால் அது பெரும்பாலும் பிஎஸ்-4 அல்லது அதற்கும் முந்தையது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 கட்டாயம் ஆனது. இந்தியா பிஎஸ்-5ஐத் தாண்டிக் குதித்தது. பெட்ரோலில் அனுமதிக்கப்பட்ட கந்தகத்தின் அளவும் 50 பிபிஎம்மிலிருந்து 10 பிபிஎம்மாகக் குறைந்தது.

உங்கள் கைக்குத் தெரியும் மாற்றம் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்ததுதான். குளிர்காலக் காலையில் சோக் இழுத்துக் காத்திருக்க வேண்டாம். கொடைக்கானல் ஏறும்போது மூச்சு வாங்காது, காற்றின் அடர்த்திக்கு ஏற்ப பெட்ரோலின் அளவை வண்டியே சரிசெய்துகொள்ளும். ஐடிலிங் சீராக இருக்கும். டெஸ்ட் ரைடில் இந்த மென்மை உடனே தெரியும், மறுக்க வேண்டியதில்லை.

தெரியாத பக்கம் ஒன்று இருக்கிறது. கார்புரேட்டர் வண்டியை எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் ஸ்க்ரூடிரைவரால் சரிசெய்துவிடுவார். இன்ஜெக்ஷன் வண்டியில் சென்சார், எரிபொருள் பம்ப், இசியு எல்லாம் உண்டு. மீட்டரில் இன்ஜின் லைட் எரிந்தால் அதைப் படிக்க ஸ்கேனர் வேண்டும். 2023-இலும் 2025-இலும் படிப்படியாகக் கடுமையான ஓபிடி-2 விதிகளால், வண்டி தன் புகை அளவைத் தானே கண்காணிக்கும் வேலையும் கூடியிருக்கிறது. பேட்டரி முழுதாக இறந்துவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கஷ்டம், பம்புக்கே மின்சாரம் வேண்டுமே. ஆகவே ஊருக்குப் போகும் வழியில், ஊருக்குள் அந்தப் பிராண்டின் சர்வீஸ் சென்டர் எத்தனை கி.மீ. தள்ளி இருக்கிறது என்பதும் ஒப்பீட்டில் ஒரு வரிசையாக இருக்கட்டும்.

சர்வீஸ் விட்டாலும் வராதது எது?

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை சுகம், வசதி, ரசனை. உயிர் சம்பந்தப்பட்டது பிரேக்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் தரவுகளின்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 74,897 பேர், அதாவது 44.5%, இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஒரு நாளைக்கு சராசரியாக 205 பேர். அதே ஆண்டில் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

ஹெல்மெட் உங்கள் கையில் இருக்கிறது, அதற்குப் புது வண்டி தேவையில்லை. ஏபிஎஸ் அப்படி இல்லை.

மழை ஈரத்திலோ மணல் சிதறிய சாலையிலோ பதற்றத்தில் பிரேக்கை முழுதாக அழுத்தினால் சக்கரம் சுற்றுவது நின்று, வழுக்கும். முன் சக்கரம் அப்படிப் பூட்டிக்கொண்டால் அடுத்த நொடி நீங்கள் தரையில். ஏபிஎஸ் என்ன செய்கிறது என்றால், சக்கரம் நிற்கப்போவதை சென்சார் மூலம் கண்டுபிடித்து, ஒரு நொடிக்குள் பலமுறை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது. சக்கரம் சுற்றிக்கொண்டே வேகம் குறையும், ஹேண்டில் பார் உங்கள் பேச்சைக் கேட்கும்.

2018 ஏப்ரல் முதல் அறிமுகமான புது மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் முதல் எல்லா மாடல்களுக்கும், 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் கட்டாயம் ஆனது. 125 சிசி வரை ஏபிஎஸ் அல்லது சிபிஎஸ் இருந்தால் போதும். சிபிஎஸ் என்பது ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போகும் ஏற்பாடு. சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. 50 சிசிக்கு மேற்பட்ட எல்லா புது வண்டிகளுக்கும் 2026 ஜனவரி முதல் ஏபிஎஸ் வேண்டும், வண்டியோடு இரண்டு ஐஎஸ்ஐ ஹெல்மெட் தர வேண்டும் என்று 2025 ஜூனில் அமைச்சகம் வரைவு அறிவிக்கை வெளியிட்டது. விதி எந்தக் கட்டத்தில் இருந்தாலும், நீங்கள் வாங்கும் குறிப்பிட்ட வேரியன்டில் ஏபிஎஸ் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

சிங்கிள் சேனல் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும். டூயல் சேனல் என்றால் இரண்டுக்கும். ஒரே மாடலிலேயே விலை குறைந்த வேரியன்டில் சிங்கிள் இருக்கும். டெஸ்ட் ரைடுக்குத் தருவது டாப் வேரியன்டாக இருந்து, நீங்கள் புக் செய்வது பேஸ் வேரியன்டாக இருந்தால், ஓட்டிப் பார்த்த பிரேக் உங்களுக்கு வராது.

உங்கள் வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறதா என்று தெரியவில்லையா? முன் டிஸ்க்கின் உள்பக்கம் துளைகளோ பற்களோ கொண்ட ஒரு சின்ன வளையமும், அதன் அருகே வயரோடு ஒரு சென்சாரும் இருக்கும். சாவி போட்டதும் மீட்டரில் ஏபிஎஸ் லைட் எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணையும்.

ஒரு கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும். 60 கி.மீ. வேகத்தில் நீங்கள் ஒரு நொடிக்குப் போகும் தூரம் 16.7 மீட்டர். ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கை வைக்க ஒரு நொடி ஆனால், அதற்குள் கிட்டத்தட்ட ஒரு பேருந்தும் அரைப் பேருந்தும் சேர்ந்த நீளம் போயிருப்பீர்கள். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 40-இல் நிற்கத் தேவைப்படும் தூரத்தைப் போல 60-இல் இரண்டேகால் மடங்கு வேண்டும். எந்தப் புது வண்டியும் இந்த இயற்பியலை மாற்றாது. ஏபிஎஸ் செய்வது, அந்தத் தூரம் முழுக்க உங்களை விழாமல் வைத்திருப்பது.

இ20: பழைய வண்டியை மாற்றியே ஆக வேண்டுமா?

எத்தனாலில் பெட்ரோலை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதனால் 20% எத்தனால் கலந்தால் மைலேஜ் குறையும், இதில் சந்தேகம் இல்லை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கை, பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10-க்கு டியூன் செய்த இருசக்கர வாகனங்களில் இ20 போட்டால் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று மதிப்பிட்டது.

மாதம் 800 கி.மீ. ஓட்டுகிறீர்கள், வண்டி லிட்டருக்கு 40 கி.மீ. தருகிறது, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4% குறைந்தால் மாதம் கூடுதலாக ஆகும் செலவு சுமார் 83 ரூபாய். ஒரு டீயும் வடையும் இரண்டு மூன்று முறை சாப்பிடும் காசு.

மைலேஜை விட ரப்பர் பாகங்கள்தான் கவனிக்க வேண்டியவை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் பாகங்கள் இ20-ஐத் தாங்கும்படி தயாரிக்கப்பட்டவை. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓட்டத்துக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டியிருக்கலாம், செலவு அதிகம் ஆகாது என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் சொன்னது. அதனால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் ஹோஸ், கார்புரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியை வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்காதீர்கள். இதற்காக மட்டும் புது வண்டி வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

மைலேஜுக்காக மாற்றுகிறேன் என்பவர்களுக்கும் இதே கணக்கு. உங்கள் வண்டி 35 தருகிறது, புதியது 45 தரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 800 கி.மீ.க்கு மிச்சமாவது சுமார் 5 லிட்டர், 508 ரூபாய். 1.5 லட்சம் ரூபாய் கடனை 10% வட்டியில் மூன்று வருடத்தில் கட்டினால் இஎம்ஐ 4,840 ரூபாய். வட்டி மட்டும் மொத்தம் 24,000 ரூபாய்க்கு மேல். மைலேஜில் மிச்சமாகும் காசு, வட்டியை ஈடுகட்டவே நான்கு வருடம் ஆகும்.

அப்போ டெஸ்ட் ரைடை எப்படி எடுப்பது?

- உங்கள் வண்டியிலேயே ஷோரூம் போங்கள். போகும்போது இரண்டு வண்டிக்கும் பொதுவாக ஒரு சாலையைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு ஸ்பீடு பிரேக்கர், ஒரு மேம்பாலம், ஒரு மோசமான ரோடு, ஒரு யூ-டர்ன். முதலில் உங்கள் வண்டி, உடனே புது வண்டி, மறுபடியும் உங்கள் வண்டி.
- இரண்டின் டயர் காற்றழுத்தத்தையும் பாருங்கள். காற்று குறைந்த டயரும் அதிகமான டயரும் வண்டியின் குணத்தையே மாற்றிக் காட்டும்.
- டாப் கியரில் 40-இல் போய் ஆக்சிலரேட்டரை மெதுவாகத் திருகுங்கள். இடிக்காமல் இழுக்கிறதா? உங்கள் தினசரி பயணத்தில் இதுதான் வேலை செய்யும், 0-60 நேரம் இல்லை.
- டிராஃபிக்கில் குறைந்தது பத்து நிமிடம் ஊர்ந்து பாருங்கள். இன்ஜின் சூடு காலில் அடிக்கிறதா, கிளட்ச் கையை வலிக்க வைக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.
- வீட்டில் யார் பின்னால் உட்காருவார்களோ அவரையும் அழைத்துப் போங்கள். புடவையில் ஏற முடிகிறதா, கால் வைக்க இடம் இருக்கிறதா, பிடித்துக்கொள்ள கைப்பிடி இருக்கிறதா என்று அவரே சொல்லட்டும்.
- இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தினமும் செய்யப்போவது இதுதான்.
- பிரேக்கைப் பார்க்க, காலியான நேரான, காய்ந்த இடத்தில் 30 கி.மீ. வேகத்தில் படிப்படியாக அழுத்துங்கள். டிராஃபிக்கில் சோதனை வேண்டாம்.
- முடிந்தால் மாலை இருட்டிய பிறகு ஒரு சுற்று போங்கள். பகல் டெஸ்ட் ரைடில் ஹெட்லைட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

கிளம்பும் முன் இரண்டு விஷயம். லைசென்ஸும் உங்கள் சொந்த ஹெல்மெட்டும் கையில் இருக்கட்டும். ஷோரூம் கையெழுத்து கேட்கும் படிவத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள். டெஸ்ட் ரைடு வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா, கீழே விழுந்தால் செலவு யாருடையது என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சரி, மாற்றலாமா?

உங்கள் வண்டி 125 சிசிக்கு மேல், ஏபிஎஸ் இல்லாதது, நீங்கள் அடிக்கடி நெடுஞ்சாலையில் அல்லது மழையில் ஓட்டுபவர் என்றால், மாற்றுவதற்கு உங்களிடம் வலுவான காரணம் இருக்கிறது. அது எந்த சர்வீஸ் சென்டரிலும் கிடைக்காத மாற்றம். அப்போதும் முழுப் பணத்தையும் அதிக சிசிக்குக் கொடுக்காமல், டூயல் சேனல் ஏபிஎஸ் உள்ள நடுத்தர வண்டியைப் பாருங்கள். 350 சிசி எல்லைக்குள் நின்றால் வரியும் இன்சூரன்ஸும் உங்கள் பக்கம்.

உங்கள் வண்டி பிஎஸ்-6, ஏபிஎஸ் இருக்கிறது, ஆனால் 'போர் அடிக்குது' என்றால், முதலில் டயரும் செயினும் ஃபோர்க் ஆயிலும் மாற்றி ஒரு மாதம் ஓட்டுங்கள். போர் போகவில்லை என்றால், ஆசைக்காக மாற்றுகிறோம் என்று தெரிந்தே மாற்றுங்கள். ஆசை தப்பில்லை. மைலேஜ், இ20 என்று காரணம் சொல்லி ஆசைக்கு இஎம்ஐ கட்டும்போதுதான் கணக்கு உதைக்கும்.

உங்கள் வண்டி நகரத்துக்குள் மட்டும் ஓடும் 100, 110 சிசி கம்யூட்டர் என்றால், அவசரம் இல்லை. ஆனால் பின் பிரேக்கை மட்டுமே அழுத்தும் பழக்கம் இருந்தால், இன்றே முன் பிரேக்கையும் சேர்த்துப் பயன்படுத்தப் பழகுங்கள். வேகம் குறையும்போது எடை முன் சக்கரத்துக்குத்தான் போகிறது, வண்டியை நிறுத்தும் பெரும்பாலான வேலையும் அங்கேதான் நடக்கிறது.

வரிக் குறைப்பின் மிச்சம் 7.8%. பண்டிகைச் சலுகை முடியப்போகிறது என்று யார் சொன்னாலும், அதற்காக டெஸ்ட் ரைடு அன்றே அட்வான்ஸ் கொடுக்க வேண்டியதில்லை. வண்டிக்கு ஒரு சர்வீஸ், முடிவுக்கு ஒரு வாரம். இரண்டுக்கும் பிறகும் அந்தப் புது வண்டி மனதில் நின்றால், நிம்மதியாகப் போய் புக் பண்ணுங்கள்.